கைக்குட்டை வாங்கிவிட்டேன்

கெய்ரோ

அன்புள்ள சாரதா,

உன் கடிதம் வந்து ஏழு மாதமாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் தேடினேன். உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. மனமாரத் திட்டிக்கொள். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது. என் முழங்கால் வழக்கம்போல் சண்டித்தனம் செய்கிறது. செய்தி முடிந்தது.

போன வாரம் மருமகள் என்னை எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனாள். நைல் நதிக்கு நடுவே ரோடா தீவில், பழைய மாளிகை ஒன்றின் வளாகத்தில் இருக்கிறது. இந்த ஊரில் டாக்சியில் ஏறினாலும் அந்த அம்மாளின் குரல், டீக்கடையில் உட்கார்ந்தாலும் அதே குரல். 1975-ல் இறந்துபோனவர் என்று சொன்னால் நம்ப மாட்டாய்.

அவருடைய கறுப்புக் கண்ணாடியை வைத்திருக்கிறார்கள். தைராய்டு நோயால் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாமல் போட்டுக்கொண்டது, பிறகு அவர் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனால் என்னை நிறுத்தியது அந்தக் கைக்குட்டை. எந்த மேடைப் படத்தைப் பார்த்தாலும் கையில் நீளமான ஒரு பட்டுத்துணி. முகம் துடைக்க இல்லையடி. மேடையில் கையை வீசி ஆர்ப்பாட்டம் செய்கிறவர் இல்லை அவர். தூண் மாதிரி நின்று ஒரே பாட்டை ஒரு மணி நேரம் பாடுவார். அசைவதெல்லாம் அந்தத் துணிதான்.

மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு அவர் கச்சேரி வானொலியில் வரும். அன்றைக்குக் கெய்ரோத் தெருக்கள் வெறிச்சோடிப் போகுமாம். சபை கேட்கக் கேட்க ஒரே வரியைத் திரும்ப எடுப்பார், ஒவ்வொரு முறையும் புது நகாசுடன். நம் பாட்டு வாத்தியார் கேட்டிருந்தால், 'நிரவல்தான், இதில் என்ன அதிசயம்' என்று மூக்கை உறிஞ்சியிருப்பார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்டிருப்பார்.

சிறு வயதில் அப்பா இவருக்குப் பையன் வேடம் போட்டுத்தான் கல்யாண வீடுகளில் பாட அழைத்துப்போனார். அப்பா மசூதியில் இமாம். பெண் பிள்ளை நாலு பேர் முன்னால் பாடுவதாவது! அப்படித் தொடங்கியவரின் சவப்பெட்டியைக் கடைசியில் கூட்டம் சுமந்தவர்களிடமிருந்து வாங்கி, தன் தோளிலேயே மணிக்கணக்கில் தூக்கிப்போனது. சால்வையும் பொன்னாடையும் போர்த்துகிற நம் சபாக்காரர்களை நினைத்துக்கொண்டேன். சரி, அந்த வம்பு வேண்டாம்.

இத்தனை பெரிய மனுஷிக்கும் மேடை ஏறுமுன் உள்ளங்கை வியர்க்குமாம். அதற்குத்தான் அந்தத் துணி என்று சொல்கிறார்கள்.

இதைக் கேட்டதும் உன் கடிதம்தான் ஞாபகம் வந்தது. வாத்தியார் நினைவுக் கச்சேரிக்கு வர மாட்டேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். இடது கை நடுங்குகிறது, நாலு பேர் பார்ப்பார்கள், அனுதாபப்படுவார்கள் என்று அடுத்த வரி. அந்த இரண்டு வரிக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் ஏழு மாதம் போயிற்று. மேலே காரணம் அகப்படவில்லை என்றது பொய்.

நீ பாடாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை, சாரதா. வாத்தியார் போன பிறகு பூஜையறையில்கூடப் பாடுவதில்லை என்று உன் மகள் தொலைபேசியில் சொன்னாள். நடுக்கம் கையில்தானே? தாளம் வலது கையோடு போகட்டும். இடது கைக்கு ஒரு பிடிமானம் கொடு.

கான் அல் கலீலி கடைத்தெருவில் பேரம் பேசி ஒரு பட்டுத்துணி வாங்கியிருக்கிறேன். கடைக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். அரக்கு நிறம், உன் கல்யாணப் புடவைக்குப் பொருந்தும். அடுத்த மாதம் ஊருக்கு வரும் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். கச்சேரிக்கு முந்தின நாள் நானும் வந்துவிடுவேன், முழங்கால் சம்மதித்தால்.

தோடி ராகம் மட்டும் எடுக்காதே. மறுபடியும் தும்மித் தொலைப்பாய்.

உன்,
வசந்தா