வளைவு அப்புறம் இருக்கட்டும், முதலில் லிஃப்ட் வையுங்கள்

மதிப்பிற்குரிய வர்த்தகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர், டயாலிசிஸ் மையத்தின் கட்டடக் குழுவில் இருக்கும் பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் மையத்தின் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கட்டட மேம்பாட்டு நிதிக்கு இதுவரை சேர்ந்த பணத்தில், முதல் கட்டமாக நுழைவாயிலில் அலங்கார வளைவும், கீழ்த்தளத்தில் பின்பக்கம் ஏசி வைத்த கூட்ட அரங்கும் கட்டப்போவதாக அதில் போட்டிருக்கிறீர்கள். லிஃப்ட் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி: நிதி நிலைமையைப் பொறுத்து அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும்.

அண்ணாச்சி, உண்டியல் குலுக்கும்போது நீங்கள் எங்களிடம் சொன்னது லிஃப்ட்டைத்தான். பஜாரில் கடை கடையாக வைத்த உண்டியலில் "நோயாளிகள் மாடி ஏற உதவுங்கள்" என்று எழுதித்தான் ஒட்டியிருந்தது. கோயில் கொடையில் எலுமிச்சம்பழம் ஏலம் விட்ட பணமும், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண்கள் வாரக்கூலியில் எடுத்துப் போட்ட பணமும் அதற்காக வந்தவை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் குடும்பங்களும் கூப்பன் வாங்கினோம். அந்தப் பணத்தில் முதல் செலவு லிஃப்டாக இருக்க வேண்டும். நான் கேட்பது இது ஒன்றுதான்.

மையம் எப்படி வந்தது, மாடியில் ஏன் அமைந்தது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த மையம் வருவதற்கு முன் என் கணவரைப் போன்றவர்கள் விடியற்காலைப் பஸ் பிடித்து மதுரைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பினார்கள். ஊரிலேயே டயாலிசிஸ் கிடைக்கும்படி செய்தவர்கள் நீங்கள். அந்த நன்றியை மறந்து இதை எழுதவில்லை. அந்த நன்றி இருப்பதால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தோம்.

ஆனால் மாடியில் இருக்கும் மையத்துக்கு ஏறி இறங்கும் அந்த இருபத்திரண்டு படிகளைப் பற்றி நீங்கள் எல்லோரும் ஒரு தடவை நேரில் நின்று தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் ஏறும்போது வந்து பார்த்தால் தெரியாது. நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு இறங்கும்போது பார்க்க வேண்டும். அந்த நாலு மணி நேரத்தில் உடம்பிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீரை எடுத்திருப்பார்கள். பிபி இறங்கியிருக்கும். எழுந்து நின்றாலே கிறுகிறுவென்று வரும், கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். பலருக்குச் சிறுநீரகம் போனதே சர்க்கரையால்தான். அதே சர்க்கரையால் கண் மங்கியவர்களும் காலை எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் படியில் இறங்க வேண்டும்.

தனியாக இறங்க முடியாதவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இருவர் மூவராகத் தூக்கி இறக்குகிறோம். செக்யூரிட்டி அண்ணன், வாசலில் நிற்கும் ஆட்டோக்காரத் தம்பி, யாராவது ஒரு நோயாளியின் மகன். நல்ல மனதோடு வருகிறவர்கள்தான். ஆனால் படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சாயும்போது, விழுந்துவிடக் கூடாதே என்று கையில் கிடைத்த இடத்தைப் பிடிப்பார்கள். அது பெரும்பாலும் நோயாளியின் கையாக இருக்கும். சில நேரம் ஃபிஸ்டுலா போட்ட கையாகவே இருக்கும்.

அந்தக் கை என்ன கை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தமனியையும் சிரையையும் ஆபரேஷனில் இணைத்து, அது பருத்து முதிர்வதற்கு வாரக்கணக்கில் காத்திருந்து, அதன் பிறகுதான் அதில் ஊசி போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு தடித்த ஊசிகள். அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, வேறு ஊசி போடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அதன் மேல் தலை வைத்துத் தூங்கவும் கூடாது. என் கணவர் காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக இடது கை மணிக்கட்டுக்கு மேலே விரல் வைத்து, அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். அது நின்றுவிட்டால் கழுத்தில் குழாய் போட வேண்டும், கிருமித்தொற்று பயம், மறுபடியும் ஆபரேஷன். எங்கள் வீட்டில் எல்லோருடைய உயிரும் அந்த அதிர்வில்தான் இருக்கிறது. அந்தக் கையைத்தான் படிக்கட்டில் பிடித்து இழுக்கிறோம், வேறு வழி இல்லாமல்.

போன மாதம் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். வயதான அம்மா ஒருவரை இறக்கும்போது நாற்காலியின் கால் விரிந்துவிட்டது. தூக்கியவர்கள் சமாளித்துப் படியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள், விழவில்லை. ஆனால் பதற்றத்தில் ஒருவர் பிடித்த பிடியில், ஊசி எடுத்த இடத்துக் கட்டு நழுவிவிட்டது. மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருப்பார்கள், அதனால் ரத்தம் சீக்கிரம் நிற்காது. சிஸ்டர் மேலிருந்து ஓடிவந்து அழுத்திப் பிடித்து நிறுத்தினார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த முறை டயாலிசிஸ் வேண்டாம், வீட்டிலேயே கிடக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். மகள் கெஞ்சிக் கூட்டி வந்தார். டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும், பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகும். மருந்தும் மெஷினும் டெக்னீஷியனும் எல்லாம் இருந்தும், படிக்கட்டுக்குப் பயந்து ஒருவர் சாவதா?

இது நடந்த அடுத்த மாதம்தான் வளைவு கட்டும் அறிவிப்பு வருகிறது. எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கீழ்த்தளத்துக்கே டயாலிசிஸை மாற்றிவிடலாமே என்று குழுவில் சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். செய்ய முடிந்தால் எங்களுக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஒரு நோயாளிக்கு ஒரு தடவைக்கே சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. பிளாண்ட், குழாய், கழிவுநீர்ப் பாதை எல்லாம் மாடிக்கென்று அமைத்தவை. அவற்றைப் பிரித்துக் கீழே கொண்டுவர வாரக்கணக்கில் மையத்தை மூட வேண்டும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். எங்களால் ஒரு வாரம்கூடப் பொறுக்க முடியாது. லிஃப்ட் அப்படி இல்லை. வேப்பமரத்துப் பக்கம் வெளிச்சுவரை ஒட்டித் தனியாகக் கோபுரம் எழுப்பலாம், உள்ளே டயாலிசிஸ் நடந்துகொண்டே இருக்கும் என்று சொன்னவரும் அதே இன்ஜினியர்தான்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, மருத்துவ சேவைக்காகப் பொதுமக்கள் வந்து போகும் இடம் தனியார் கட்டடமாக இருந்தாலும் பொதுக் கட்டடம்தான். ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களை எல்லோரும் வந்து போகும்படி மாற்ற, விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். விதிகள் வந்தது 2017-இல். சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் கேட்பது சலுகை இல்லை என்று சொல்வதற்காகத்தான் இதைக் குறிப்பிட்டேன்.

பொதுவாகவே ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். பெயர் போடுகிற இடத்துக்கு நம் ஊரில் பணம் உடனே வருகிறது. டியூப் லைட்டில் பெயர், மின்விசிறியில் பெயர், தண்ணீர்த் தொட்டியில் பெயர். டெக்னீஷியன் சம்பளத்துக்கும், கரண்ட் பில்லுக்கும், கழிப்பறைக் கதவின் உடைந்த தாழ்ப்பாளுக்கும் யாரும் தருவதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை டயாலிசிஸ் செலவைத்தான் பார்க்கும், படிக்கட்டைப் பார்க்காது. 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்வது கோடிக்கணக்கில் லாபம் பார்க்கிற பெரிய கம்பெனிகளுக்கு. நம் ஊர்ப் பட்டறைகளும் மளிகைக் கடைகளும் அதில் வராது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் உங்கள் வாசலுக்கு வருகிறோம்.

நம் பக்கத்து வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள். விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலா, வீடு வீடாக வாங்கிய பிடி அரிசியில் நடந்த பள்ளி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஊரெல்லாம் நிதி திரட்டி 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். அங்கெல்லாம் வந்த பணம் முதலில் நோயாளிக்குப் போனது. பெயர் தானாக வந்தது. நீங்களும் அந்த வழியில் வந்தவர்கள் என்று நம்பித்தான் கேட்கிறேன்.

வளைவுக்கு நான் விரோதி இல்லை. சங்கத்துக்குப் பொன்விழா வருகிறது, பெரியவர்களுக்கு ஆசை இருக்கும், அது நியாயமும்கூட. லிஃப்ட் ஓடத் தொடங்கிய பிறகு கட்டுங்கள், நாங்களும் கூப்பன் வாங்குகிறோம். லிஃப்ட்டின் கதவிலேயே உங்கள் எல்லோருடைய பெயரையும் பொறியுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் அதைப் படிக்கிற ஆட்கள் நாங்கள் இருக்கிறோம்.

ஆகவே தயவுசெய்து, வருகிற பொதுக்குழுவில் இதை முதல் தீர்மானமாக எடுங்கள். சேர்ந்த பணத்தில் முதல் செலவு லிஃப்டாக இருக்கட்டும். ஸ்ட்ரெச்சர் உள்ளே போகிற அளவில் வையுங்கள், சின்ன லிஃப்ட் எங்களுக்குப் பயன்படாது. கரண்ட் போனால் நடுவில் நிற்காமல் பக்கத்துத் தளத்துக்குப் போய்க் கதவு திறக்கிற வசதியும் சேர்த்துக் கேளுங்கள். நிதியில் இதுவரை எவ்வளவு சேர்ந்தது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று அதே வாசல் பலகையில் எழுதிப் போடுங்கள். மீதிப் பணத்துக்கு உண்டியல் தூக்க நோயாளிகளின் வீட்டிலிருந்து ஆட்கள் வருவோம். ரசீதுப் புத்தகம் மட்டும் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து ஆரம்பிக்கிறோம். மையத்துக்கு நன்கொடை தருகிறவர்களுக்கு வருமான வரியில் விலக்கு இருப்பதையும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு கிடைக்காது என்பதையும் ரசீதிலேயே அச்சடித்துவிட்டால், பெரிய தொகை தருகிறவர்களிடம் காசோலை கேட்க எங்களுக்குச் சுலபமாக இருக்கும்.

அதுவரைக்கும் அவசரமாக ஒன்று. படியில் இறக்குவதற்கென்றே பெல்ட் வைத்த தூக்கு நாற்காலி விற்கிறார்கள். அதில் ஒன்றை இந்த வாரமே வாங்கி வையுங்கள். ஃபிஸ்டுலா போட்ட கையைத் தொடாமல் எப்படித் தூக்குவது என்று செக்யூரிட்டி அண்ணனுக்கும் ஆட்டோத் தம்பிகளுக்கும் சிஸ்டரை விட்டுச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பதிலை எதிர்பார்த்து,
மையத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் மனைவி