ஸ்காலர்ஷிப்பா, சம்பளமா என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கல்விச் சிறப்பிதழில் ஜெர்மனி மேல்படிப்பு பற்றி வந்த பக்கங்களை ஊரிலிருந்து தம்பி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான், படித்தேன். ஏபிஎஸ் சான்றிதழ் (நம் பட்டங்களைச் சரிபார்த்துத் தருவது) வாங்குவது, பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ போட்டு வைப்பது, பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்பது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம் ஆட்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது அதைவிட அதிகமாகவே வாங்குகிறது, அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.) என் மனக்குறை வேறு. படித்து முடித்த பிறகு அங்கே வேலை பார்க்க முடியுமா, பி.ஆர். (அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) எப்போது கிடைக்கும் என்று வரும்போது ‘நல்ல வாய்ப்புகள் உள்ளன’ என்று சொல்லிவிட்டுக் கட்டுரை முடிந்துவிடுகிறது. கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் தெரிந்துகொள்ள நினைப்பதே அதைத்தானே?

நான் திருச்சிக்காரன். ஜெர்மனியில் மாஸ்டர்ஸும் பிஎச்.டி.யும் முடித்துவிட்டு இப்போது அங்கேயே ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை, ஆனால் இத்தனை வருடத்தில் கூடப் படித்தவர்கள், பின்னால் வந்த பிள்ளைகள் என்று பலருடைய பெர்மிட் காகிதங்களைப் பார்த்துவிட்டேன், பாதிப் பேர் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்.

முதலில் சுலபமான பாதை. மாஸ்டர்ஸ் முடித்தால் வேலை தேட 18 மாதம் பெர்மிட் தருகிறார்கள், அந்தக் காலத்தில் எந்த வேலை வேண்டுமானாலும் பார்க்கலாம், ஹோட்டல் வேலைகூட. படிப்புக்கு ஏற்ற வேலை கிடைத்து, சம்பளமும் வரம்பைத் தாண்டினால் ப்ளூ கார்டு, அதாவது படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான பெர்மிட். 2025-இல் அந்த வரம்பு வருடத்துக்கு 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கும், பட்டம் வாங்கி மூன்று வருடம் தாண்டாதவர்களுக்கும் ஏறத்தாழ 43,760 இருந்தாலே போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தத் தொகை மாறும். ப்ளூ கார்டில் இருப்பவர் ஜெர்மன் மொழியில் பி1 (நடுத்தர நிலைத் தேர்ச்சி) வைத்திருந்தால் 21 மாதத்தில், வெறும் ஏ1 (ஆரம்ப நிலை) என்றால் 27 மாதத்தில் பி.ஆர். கேட்கலாம். ப்ளூ கார்டு இல்லாமல் சாதாரண வேலை பெர்மிட்டில் இருந்தாலும், ஜெர்மனியிலேயே பட்டம் வாங்கியவருக்கு இரண்டு வருடம்தான், அதற்கு பி1 வேண்டும். சாஃப்ட்வேர், மெக்கானிக்கல் பக்கம் போகும் நம் பிள்ளைகள் பலர் இந்த வழியில்தான் போகிறார்கள்.

சிக்கல் ஆரம்பிப்பது மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு, அல்லது இங்கிருந்தே நேராக, பிஎச்.டி. பக்கம் போகிறவர்களுக்கு. அங்கே பிஎச்.டி. இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ உங்களை வேலைக்கு எடுத்துச் சம்பளம் கொடுக்கும். வேலை ஒப்பந்தம், சம்பளப் பட்டியல், வரிப் பிடித்தம், எல்லாம் உண்டு. பல துறைகளில் 50 அல்லது 65 சதவீத ஒப்பந்தம்தான் கிடைக்கும் (ஆனால் முழு நேரமும் உழைக்க வேண்டும், அது எழுதப்படாத விதி), இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் துறைகளில் முழுச் சம்பளமே தருவார்கள். இன்னொன்று, ஸ்காலர்ஷிப். மாதாமாதம் ஒரு தொகை அக்கவுண்டில் விழும், வரி கிடையாது. அதனால் கையில் நிற்கிற பணத்தை மட்டும் பார்த்தால் 50 சதவீத ஒப்பந்தத்துக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் தெரிவது நாலு வருடம் கழித்து, பி.ஆர். விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும்போது. சம்பளத்தில் இருப்பவருக்கு மாதாமாதம் ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் பணம் பிடிப்பார்கள். சம்பளத்தில் 18.6 சதவீதம், அதில் பாதியைப் பல்கலைக்கழகம் கட்டும், பாதி உங்களுடையது. பி.ஆர். கொடுக்கும்போது இந்த மாதங்களைத்தான் எண்ணுகிறார்கள். ஜெர்மன் பட்டதாரிக்கு 24 மாதம் கட்டியிருக்க வேண்டும், மற்ற திறன் பணியாளர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் 36 மாதம், பொதுவான ஐந்து வருட வழியில் போனால் 60 மாதம். ஸ்காலர்ஷிப்பில் இருந்தவருக்கு இந்தக் கணக்கில் இருப்பது பூஜ்யம்.

பெர்மிட்டும் மாறிவிடுகிறது. ஸ்காலர்ஷிப்பில் முழுநேர பிஎச்.டி. மாணவராகப் பதிவு செய்தவருக்குப் பெரும்பாலும் 16பி பிரிவில், அதாவது மாணவர் என்றே பெர்மிட் அடிப்பார்கள். வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர் ஆராய்ச்சியாளருக்கான 18டி பிரிவில் கேட்டு வாங்கலாம். 18டி-யில் மூன்று வருடம் இருந்தால் அது பி.ஆர். கணக்கில் வரும். 16பி-யில் இருந்த வருடங்கள் அந்தக் கணக்கில் வராது, ஐந்து வருட வழியில் மட்டும் பாதியாக எடுத்துக்கொள்வார்கள், நாலு வருடம் படித்தால் இரண்டு. இதில் இன்னொரு கொடுமை, ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் சில அலுவலகங்களில் பழக்கதோஷத்தில் 16பி-யையே அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், நம் பிள்ளைகளும் விசா கிடைத்ததே போதும் என்று சந்தோஷமாக வாங்கி வந்துவிடுகிறார்கள். கார்டில் என்ன பிரிவு எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

எனக்குத் தெரிந்த இரண்டு பேர், இருவரும் தென்மாவட்டத்துக்காரர்கள், ஒரே கட்டடத்தில் ஒரே துறையில் பிஎச்.டி. செய்தார்கள். ஸ்காலர்ஷிப் கிடைத்தவரின் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது, கல்லூரி வாசலில் பேனர் வைத்தார்கள். மற்றவருக்கு 65 சதவீத ஒப்பந்தம், அவர் வீட்டில் ‘படிக்கப் போறேன்னு சொல்லிட்டு அங்க வேலைக்குச் சேர்ந்துட்டான்’ என்று அம்மா வருத்தப்பட்டாராம். பிஎச்.டி. முடியும் முன்பே இந்த இரண்டாமவர் பி.ஆர். வாங்கிவிட்டார். பேனர்க்காரர் முடித்துவிட்டு, வேலை தேடி, வேலை கிடைத்த நாளிலிருந்து முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ண ஆரம்பித்தார். படிப்பில் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள்.

பிஎச்.டி.யோடு இது முடிவதில்லை. போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி) போகிறவர்களுக்கும் இதே கதைதான். ஹும்போல்ட் ஃபெல்லோஷிப் கிடைப்பது பெரிய கௌரவம், நானும் மறுக்கவில்லை, ஆனால் அதுவும் ஸ்காலர்ஷிப் வகைதான், சம்பளம் இல்லை. ஆராய்ச்சித் துறையில் இருப்பவருக்கு பி.ஆர். மற்றவர்களைவிட அதிகமாகவே தேவை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே 2007-இல் வந்த ஒரு சட்டப்படி பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஒப்பந்தத்திலேயே பிஎச்.டி.க்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் வரை ஒருவரை வைத்திருக்கலாம், ஜெர்மன்காரர்களே பொறுக்க மாட்டாமல் 2021-இல், அந்தச் சட்டத்தை விளக்கிய அரசு வீடியோவில் வந்த ஹன்னா என்ற கதாபாத்திரத்தின் பெயரில் ‘நான்தான் ஹன்னா’ என்று ட்விட்டரில் பெரிய கலாட்டா செய்தார்கள். ஒப்பந்தம் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று வரும், பெர்மிட்டும் அதோடு சேர்ந்து முடியும், ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய பெர்மிட் முடிவதற்குள் விண்ணப்பம் போட்டுவிட்டால் பயமில்லை, இடைக்காலச் சான்று ஒன்று தருவார்கள், அதை வைத்து வேலையைத் தொடரலாம். தேதி முடிந்த பிறகு போட்டால் தலைவலிதான்.

சரி, ஸ்காலர்ஷிப் ஏற்கெனவே வாங்கிவிட்டவர் என்ன செய்வது? ஒரு வழி இருக்கிறது, இதை எந்த கன்சல்டன்சியும் சொல்லி நான் கேட்டதில்லை. ஓய்வூதியக் காப்பீட்டில் நாமாகவே சேர்ந்து பணம் கட்டலாம். குறைந்தபட்சத் தொகை 2025-இல் மாதம் 103 யூரோ சொச்சம். பி.ஆர். சட்டத்தில் கட்டாயப் பிடித்தம் அல்லது விருப்பப் பங்களிப்பு என்று இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள், ஆகவே இப்படிக் கட்டிய மாதங்களும் எண்ணிக்கையில் வரும். அந்த 2025 தொகைப்படி 24 மாதத்துக்கு 2,500 யூரோவுக்குள் அடங்கியது. ஒரு வருடத்துக்கான பணத்தை அடுத்த வருடம் மார்ச் 31 வரை கட்டலாம், அதற்கு மேல் அந்த வருடத்துக்குப் பின்னோக்கிப் போய்க் கட்ட விட மாட்டார்கள். இதனால் மட்டும் பி.ஆர். வந்துவிடாது, விண்ணப்பிக்கும் நேரத்தில் தகுதியான வேலையும் சரியான பிரிவில் பெர்மிட்டும் இருக்க வேண்டும். ஆனாலும் ஓய்வூதிய மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

அப்புறம் மொழி. லேபில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள், கைடு ஆங்கிலம், கான்டீனில்கூட ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம், நாலு வருடம் ஓடியே போகும். பிறகு ஓய்வூதியம், வேலை எல்லாம் சரியாக இருந்து பி1 இல்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, ஏ1, ஏ2 வரை இங்கேயே முடித்துக்கொண்டு போனால் மீதி அங்கே சுலபம்.

ஏன் இதை இப்போது எழுதுகிறேன் என்றால், கூட்டம் ஜெர்மனி பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. கனடா 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது, அமெரிக்கா 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்றது, பிரிட்டன் படிப்புக்குப் பிந்தைய இரண்டு வருட விசாவை 18 மாதமாகக் குறைக்கிறது. ஜெர்மனியோ 2024 அக்டோபரில் இந்தியத் திறன் பணியாளர்களுக்கு வருடத்துக்கு 20,000 விசா என்பதை 90,000 ஆக்குவதாக அறிவித்தது, அதைப் பத்திரிகைகள் எல்லாமே கொட்டை எழுத்தில் போட்டன. 2022-23 முதலே அங்கே வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் முதலிடம், சீனர்களைத் தாண்டியாகிவிட்டது. இந்த 90,000 என்ற எண்ணை வைத்துக்கொண்டு இங்கே ஏஜென்டுகள் ‘போனால் பி.ஆர். கேரண்டி’ என்று பேசுகிறார்கள். யாரும் கேரண்டி தரவில்லை. அங்கேயும் விதிகள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. 2024 ஜூனில் குடியுரிமைக்கு எட்டு வருடத்தை ஐந்தாகக் குறைத்தார்கள், சிலருக்கு மூன்றே வருடம் என்றும் சொன்னார்கள், 2025 அக்டோபரில் அந்த மூன்று வருட வழியை எடுத்துவிட்டார்கள். விசா மறுத்தால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வசதியும் 2025 ஜூலையோடு போயிற்று, இனிமேல் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் வழக்குப் போட வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த சிறப்பிதழில் கல்லூரித் தரவரிசைப் பட்டியலைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு, அங்கேயே படித்து பி.ஆர். வாங்கிய நாலைந்து பேரிடம் அவரவர் எந்தப் பிரிவில், எத்தனை மாதத்தில் வாங்கினார்கள் என்று கேட்டுப் போடுங்கள், வாங்க முடியாமல் திரும்பி வந்தவர்களிடமும் கேளுங்கள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிள்ளைகள், கையெழுத்துப் போடும் முன் பேராசிரியருக்கு ஒரு மெயில் போட்டு ‘இது வேலை ஒப்பந்தமா, ஸ்காலர்ஷிப்பா, ஸ்காலர்ஷிப் என்றால் பிறகு ஒப்பந்தமாக மாற்ற முடியுமா’ என்று கேட்கலாம். அப்படிக் கேட்டு, முதல் வருடம் ஸ்காலர்ஷிப், அடுத்து ஒப்பந்தம் என்று மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்று இங்கே பயப்படுகிறோம், அங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்,
திருச்சி (தற்போது ஜெர்மனி)