பி.டி. பீரியடில் ஓடுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளின் உடற்பருமன் பற்றிய தங்கள் கட்டுரை, பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொள்வதைக் கண்டித்திருந்தது. நியாயம்தான். ஆனால் வாங்காமல் விட்டுவைக்கும் பீரியடிலும் என்ன நடக்கிறது என்று ஸ்டாப்வாட்சை வைத்துப் பார்க்க வேண்டும். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

40 பேரை இரண்டு வரிசையாக நிறுத்தித் தொடர் ஓட்டம் விடுகிறோம். ஒருவன் ஓடித் திரும்ப 15 விநாடி. அடுத்த முறை வர ஏறக்குறைய 5 நிமிடம் நிற்க வேண்டும். அரை மணி நேர ஆட்டத்தில் அவன் ஓடியது ஒன்றரை நிமிடம். அதே பிள்ளைகளை ஐந்தைந்து பேராக எட்டு வரிசை ஆக்கினால் அது ஆறு நிமிடமாகும். கூடுதல் செலவு, ஆறு குச்சிகள்.

இதைவிட மோசம் ‘அவுட் ஆனால் உட்கார்’ ஆட்டங்கள். மெதுவாக ஓடுகிற பிள்ளைதான் முதலில் அவுட். அதிகம் ஓட வேண்டிய பிள்ளை அதிக நேரம் வேப்பமரத்தடியில்! அவுட் ஆனவர் ஓரமாகப் போய் 20 தடவை ஸ்கிப்பிங் ஆடிவிட்டு மீண்டும் உள்ளே வரட்டும். கயிற்றின் நடுவை மிதித்துக்கொண்டு முனைகளை மேலே இழுத்தால் அக்குள் வரை வர வேண்டும். நீளம் கூடினால் காலில் சிக்கும், குறைந்தால் குனிந்தே குதிப்பார்கள். மண் தரைதான் நல்லது. ஓர் அங்குலம் எழும்பினால் போதும். முன்பாதத்தில் இறங்க வேண்டும். குதிகாலில் தொப்பென்று விழுகிறவர்களுக்குத்தான் முழங்கால் வலி வருகிறது.

வீட்டுப்பாடம் எழுதாதவர்களைக் கிரவுண்டைச் சுற்றி ஓடவிடுவதையும் நிறுத்தலாம். ஓட்டத்தைத் தண்டனையாகப் பழக்கிவிட்டு, பிறகு ஏன் ஓட மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

அடுத்து இன்டர்வெல் தீனி. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டுவிட்டது. விதியும் இருக்கிறது, கடையும் இருக்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போவதைவிட டப்பாவில் சுண்டல் கொடுத்தனுப்புவது சுலபம். ஆளுக்கு 25 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை என்றால், 40 பேர் உள்ள வகுப்புக்கே ஒரு கிலோதான். அதில் ஒவ்வொருவருக்கும் சுமார் 5 கிராம் புரதம் கிடைக்கும்.

‘பதினொரு மணிக்கே ஊசிப்போய்விடுகிறது’ என்பது பெற்றோரின் வழக்கமான புகார். பெரும்பாலும் காரணம் தேங்காய்த்துருவல்; அல்லது ஆவி அடங்குமுன் மூடிய டப்பா. மூடியில் வியர்க்கும் தண்ணீர் சொட்டிச் சுண்டல் நசநசத்துவிடும். பள்ளிக்கு அனுப்பும் சுண்டலில் தேங்காய் வேண்டாம். தண்ணீரை ஒட்ட வடித்துத் தாளித்து, தட்டில் பரப்பி ஆறவைத்து மூடுங்கள். இரவு ஊறவைத்த தண்ணீரையும் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில்தான் வேகவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.