லேஸ் தொய்வதற்குக் காரணம் கையல்ல, அட்டை

ஆசிரியருக்கு,

குமரி மாவட்டத்து லேஸைப் பற்றி எழுதும்போதெல்லாம் தலையணை மேல் உருளும், நூல் சுற்றிய பாபின் கட்டைகளையும் பெண்களின் விரல் வேகத்தையும் படம் பிடித்துப் போடுகிறார்கள். கட்டைகளுக்கு அடியில் கிடக்கும், குண்டூசி நிறுத்த வேண்டிய இடங்களில் துளை குத்திய மாதிரி அட்டையை யாரும் கவனிப்பதில்லை. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் இந்த வேலையைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த காலம் முதல், பாட்டிமார் ‘ரேந்தை’ என்று சொன்ன இதன் பாதி வேலை அந்த அட்டையில்தான் இருக்கிறது. இன்று பயிற்சி வகுப்புகளில் பத்தாவது ஜெராக்ஸைக் கையில் கொடுத்துப் பின்னச் சொல்கிறார்கள். பூவுக்குள்ளும் இலைக்குள்ளும் போடும் உள்நிரப்பு தொய்ந்து போனால், கை சரியில்லை என்று பழி வருகிறது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது நூல். அதை ஒரு பென்சிலில் இடைவெளி விடாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சுற்றி, 1 செ.மீ.க்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். டார்ஷான் என்ற சதுரக் கட்ட லேஸ் வகைக்கு, ஓரத்தில் அடுத்தடுத்த இரண்டு குண்டூசிகளுக்கு இடையே 10 முதல் 12 சுற்று அடங்கினால் சரி. 2 மி.மீ. கட்டமுள்ள கிராஃப் தாளில் ஒன்றுவிட்டு ஒரு சந்திப்பில் புள்ளி வைத்தால் ஓர ஊசிகள் 4 மி.மீ. தள்ளி நிற்கும், அதற்கு 1 செ.மீ.க்கு 25 முதல் 30 சுற்று வரும் நூல் வேண்டும். 24 சுற்று நூலுக்கு வரைந்த அட்டையில் 30 சுற்று நூல் போடுவதானால் அட்டையை 80 சதவீதமாகச் சுருக்க வேண்டும். அப்படியே போட்டால் வலை ஓட்டையாகத் தெரியும், கஞ்சி போட்டாலும் நிற்காது.

சுருக்குவது ஜெராக்ஸில்தான் என்றால், மூலத்தில் நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றுமாக 10 செ.மீ. கோடு போட்டுவிடுங்கள். நகலில் இரண்டையும் அளந்து பாருங்கள். ஒரு திசையில் மட்டும் ஒரு மி.மீ. கூடினாலும், முனையில் நிற்கும் வலைச் சதுரம் சாய்சதுரமாகிவிடும். அந்த நகலை மறுபடி நகலெடுத்தால் கோணல் இன்னும் கூடும்.

தேன்கூட்டு நிரப்பைச் சதுரத் தாளில் 45 டிகிரியில் வரைந்துவிட்டு, அறுகோணம் ஏன் சப்பையாகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு முக்கோணக் கட்டங்கள் போட்ட ஐசோமெட்ரிக் தாள் நல்லது. ஒரு கோட்டு வரிசை லேஸின் ஓரத்துக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள், மற்றவை 60 டிகிரியில் சாயும். தாளைக் குறுக்கே திருப்பிவிட்டால் அது 30 ஆகி, வலை நீளவாக்கில் இழுபடும். தேன்கூட்டில் ஒரு வரிசை முழுதும் துளை. அடுத்ததில் ஒன்றுவிட்டு ஒன்று. விட வேண்டிய துளையையும் சேர்த்துக் குத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அதனால் விட்ட இடத்தில் பென்சிலில்கூடப் புள்ளி வைக்காதீர்கள்.

ரோஜா நிரப்புக்கு டார்ஷான் தரையின், அதாவது அடிவலையின், அதே புள்ளிகள் போதும்: நாலு சேர்ந்தால் ஒரு ரோஜா, அதற்கு நாலு ஜோடி நூல். ஆகவே நிரப்பும் சாய்சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் புள்ளிகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஏழு வைத்தால் கடைசியில் அரை ரோஜா தொங்கும். ஒவ்வொரு ரோஜாவின் நாலு மூலைகளிலும் ஊசியில்லாமல் பின்னுவதால் அங்கே புள்ளிக்குப் பதில் சிறு குறுக்குக்கோடு போடுங்கள். நடுவில் உடலும் சுற்றிலும் கால்களுமாக வரும் சிலந்தி வடிவத்துக்கு, சாய்சதுரத்தின் எதிரெதிர் முனைகளைக் கோடிட்டுச் சேர்த்து, அவை வெட்டும் இடத்தில் மட்டும் நடுத்துளை. கண்மதிப்பில் வைத்தால் ஒரு பக்கக் கால்கள் தளரும்.

வளைந்த இலைக்குள் நிரப்புவதே உண்மையான சோதனை. இலையின் மேல் நேராகப் புள்ளி வைக்கக் கூடாது. புள்ளிகளை டிரேஸிங் தாளில் தனியாக வரைந்து, இலையின் மேல் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். நடுநரம்பு ஒரு புள்ளி வரிசையின் மேலோ, இரண்டு வரிசைகளுக்குச் சரிபாதியிலோ விழ வேண்டும். விளிம்புத் துளைக்கு அரைக்கட்டத்தைவிட நெருங்கிய புள்ளியை எடுத்துவிடுங்கள். இரண்டு ஊசிகள் மோதினால் நூல் குமியும். பிறகு ஒவ்வொரு ஜோடியும் எந்த விளிம்புத் துளையில் நுழைகிறது, எதில் வெளியேறுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் பின்னத் தொடங்கவே வேண்டாம்.

குத்தும்போது அட்டைக்கடியில் கம்பளித் துணியோ கார்க்கோ வையுங்கள். ஊசியைத் தேன்மெழுகில் ஒருமுறை குத்தி எடுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஊசி செங்குத்தாக இறங்கட்டும். சாய்த்துக் குத்திய துளையில் குண்டூசியும் சாய்ந்தே நிற்கும், மேலே சரியாகத் தெரிந்த புள்ளியில் நூல் அமராது. ஜெராக்ஸ் தாளையே அட்டையில் ஒட்டிப் பின்னுவதானால் மேலே நீல நிற ஒட்டுப்படலம் போடுங்கள். இல்லையென்றால் டோனர் கருமை வெள்ளை நூலில் ஏறிவிடும், சோப்பில் போகாது.

பயிற்சி நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை. முதல் வாரம் கட்டையைத் தர வேண்டாம். ஆளுக்கு இரண்டு கிராஃப் தாள், ஒரு அடிக்கோல், ஒரு எட்டாம் நம்பர் ஊசி கொடுங்கள்.

இப்படிக்கு,
லேஸ் பயிற்றுநர் ஒருவர்,
நாகர்கோவில்.