காற்புள்ளியில் வெட்டினால் முகவரி சிதறும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் மாணவர்களுக்காகத் தங்கள் கல்விப் பக்கத்தில் வெளியாகும் பைதன் எனும் செய்நிரல் மொழிப் பயிற்சிகளில், உரைக் கோப்பிலுள்ள பதிவுகளைப் பிரித்தெடுக்கும் வினாக்கள் பெயர், வயது, ஊர் என்ற மூன்று புலங்களோடு நின்றுவிடுகின்றன. அத்தகைய நிரையை, உரையைத் துண்டாக்கும் ‘ஸ்பிளிட்’ (split) கட்டளை கொண்டு காற்புள்ளியில் வெட்டினால் விடை சரியாகவே வரும். ஆனால் அதே மாணவர் தமது ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கையில் எடுத்ததும், “இல. 14, கடற்கரை வீதி, திருகோணமலை” என்ற ஒரே முகவரி மூன்று துண்டுகளாகி, தொலைபேசி இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் வீதியின் பெயர் வந்து நிற்கும். செய்நிரல் பிழையென்று எதையும் காட்டாது என்பதுதான் இதில் மோசமானது.

காற்புள்ளி அடங்கிய புலத்தை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இடவேண்டுமென இத்தகைய கோப்புகளின் வடிவத்தை விவரிக்கும், 2005இல் வெளியான ஆர்.எப்.சி. 4180 (RFC 4180) என்ற ஆவணம் கூறுகிறது. பைதனுடன் சேர்ந்தே வரும் ‘சீ.எஸ்.வி’ (csv) மொட்யூல், அதாவது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட கோப்புகளை வாசிக்கும் நிரல் தொகுதி, அக்குறிகளைக் கவனித்து வாசிக்கும், ‘ஸ்பிளிட்’ கவனிக்காது. 026 எனத் தொடங்கும் எமது மாவட்டத் தொலைபேசி இலக்கங்களை முழு எண்ணாக மாற்றினால் முன்னுள்ள பூச்சியம் மறைந்துவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

பிரித்தவற்றை அடுக்குவதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. அவற்றின் கீழ் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும், அவற்றுள் குடும்பங்களும், குடும்பத்தினுள் உறுப்பினர்களும் வருகின்றனர். இதே ஒழுங்கில் டிக்சனரிக்குள் (ஒவ்வொரு தரவையும் ஒரு சாவியின் கீழ் வைக்கும் அமைப்பு) டிக்சனரியாகவும், கடைசி அடுக்கை லிஸ்டாகவும் (வரிசைப் பட்டியல்) அமைத்தால், கிண்ணியாவின் ஒரு கிராமத்துக் குடும்பங்களை மட்டும் எடுத்துப் பார்க்க ஒரு வரி போதும். குடும்பத் தலைவரின் பெயரைச் சாவியாக வைப்பது ஆபத்தானது, ஒரே பெயருடைய இருவர் இருந்தால் (எங்கள் ஊர்களில் இல்லாமலா?) இரண்டு குடும்பங்களும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய தனி இலக்கத்தைச் சாவியாக வைத்தாலும், ஒவ்வொரு நிரையையும் நேரே அச்சாவிக்கு ஒப்படைத்தால் குடும்பத்தின் கடைசி உறுப்பினர் மட்டுமே மிஞ்சுவார். சாவி இல்லாதபோது வெற்று லிஸ்ட் ஒன்றை ‘செட்டிஃபோல்ட்’ (setdefault) மூலம் உருவாக்கி, அதன் இறுதியில் ஒவ்வொரு உறுப்பினரையும் ‘அப்பென்ட்’ (append) கொண்டு சேர்ப்பதே முறை.

ஆகவே, இனி வரும் மாதிரி வினாத்தாள்களில் காற்புள்ளியுள்ள முகவரிகளும், ஒரே பெயருடைய இரு குடும்பத் தலைவர்களும், பல நிரைகளில் பரந்த ஒரு குடும்பமும் கொண்ட கோப்பொன்றைத் தந்து, அதனை மேற்கூறிய அடுக்குகளாக அமைக்குமாறு கேட்கும் வினாவொன்றையாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.