புது வீட்டுக்கு ஃபில்டர் வாங்கப் போற தம்பிக்கு

தம்பி,

எந்த ஃபில்டர் நல்லதுன்னு கேட்டிருந்த. போன்ல சொன்னா பாதி மறந்துடுவ, அதான் எழுதறேன், உன்ன மாதிரி குழம்பிட்டு இருக்கறவங்க படிச்சா அவங்களுக்கும் உதவட்டும். எது வாங்கலாம்ங்கறது அப்புறம், உன் வீட்டுக்கு அது வேணுமாங்கறத மொதல்ல பார்ப்போம்.

அந்த சேல்ஸ் ஆளு டம்ளர்ல கம்பிய விட்டு காட்டினத மனசுல இருந்து எடுத்துடு. உன் தண்ணில கரண்ட் விட்டதும் செம்மண் கலர்ல கசடு கிளம்பி மேல மிதந்துச்சு, பக்கத்து டம்ளர்ல ஆர்ஓ தண்ணி, அதாவது உப்ப வடிகட்டி எடுக்கற மெஷின்ல வந்த தண்ணி, அப்படியே தெளிவா நின்னுச்சு, பார்த்தா யாருக்கும் வயித்தக் கலக்கத்தான் செய்யும். ஆனா அந்தக் கசடு பெரும்பாலும் அந்த இரும்புக் கம்பி கரைஞ்சு வந்தது. தண்ணில உப்பு இருந்தா கரண்ட் பாயும், கம்பி கரையும், ஆர்ஓ தண்ணில உப்பு ரொம்ப கம்மிங்கறதால ஒண்ணும் நடக்காது, அவ்ளோதான். அடுத்த தடவ வந்தா அந்த தெளிவான டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்பு போட்டுட்டு கம்பிய விடச் சொல்லு, அதுவும் பழுப்பாயிடும். பயத்த வச்சு விக்கறது எனக்கு கொஞ்சமும் பிடிக்கல.

டிடிஎஸ் மீட்டரும் பாதி கதைதான் சொல்லும். மொத்தமா எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு தோராயமா காட்டும். கிருமி, ஆர்சனிக், ஈயம் இதெல்லாம் அதுல தெரியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி லிட்டருக்கு 600 மி.கி.க்கு கீழ இருந்தா குடிக்க ருசியா இருக்கும், 1000 தாண்டினா வாய்ல வைக்க முடியாம போக ஆரம்பிக்கும். அது ருசிக் கணக்கு, அந்த நம்பர மட்டும் வச்சு தண்ணி நல்லது கெட்டதுன்னு முடிவு பண்ணாத.

இப்ப உன் வீட்டு விஷயம். புது வீட்டுல குழாய்ல வர்ற தண்ணிய பார்த்து எந்த முடிவும் எடுக்காத, ஏன்னா டேங்க்ல சிமெண்ட் தூசி இருக்கும், பைப் அறுத்த பிசிறு இருக்கும், ஒட்டின பசை வாடை இருக்கும், அதோட யாரும் குடி வராததால தண்ணி பைப்லயே தேங்கிக் கிடந்திருக்கும். புது பித்தளை ஃபிட்டிங்ஸ்ல இருந்து ஆரம்பத்துல கொஞ்சம் ஈயம் கூட கசியலாம். அதனால டேங்க கழுவி குளோரின் போட்டு அலசு, ஒவ்வொரு குழாய் மூக்குலயும் இருக்கற சல்லடைய கழட்டிட்டு நல்லா ஓட விடு. அந்த சல்லடைய உள்ளங்கைல தட்டிப் பாரு, மணலும் பிளாஸ்டிக் சுருளும் கொட்டும். அத பார்த்துட்டு தண்ணியே மோசம்னு நினைச்சு மெஷின் வாங்கினவங்க நிறைய பேர்.

அதுக்கப்புறம் லேப் டெஸ்ட். இங்கதான் ரொம்ப பேர் கோட்டை விடறாங்க. ஒரே இடத்துல பிடிக்காத, டேங்குக்கு போறதுக்கு முன்னாடி ஒண்ணு, கிச்சன் குழாய்ல ஒண்ணு, ரெண்டு சாம்பிள் பிடி. முன்னாடி பிடிச்சது நல்லா இருந்து கிச்சன்ல மட்டும் கிருமி வந்தா கோளாறு உன் டேங்க்லயோ பைப்லயோ இருக்கு, அத சரி பண்ணாம ஃபில்டர் மாட்டினா குடிக்கற தண்ணி மட்டும்தான் தப்பிக்கும், பல் தேய்க்கற தண்ணி அப்படியேதான் இருக்கும். ஈயத்துக்கு மட்டும் ராத்திரி முழுக்க தேங்கின தண்ணிய காலைல குழாய் திறந்ததும் பிடிக்கணும். கிருமி டெஸ்ட்டுக்கு பாட்டில லேப்லயே வாங்கிக்கோ, மூடி உள்பக்கம் கை படக்கூடாது, ஐஸ் வச்சு அன்னிக்கே கொண்டு போய் குடு. 100 மில்லில ஈ.கோலைங்கற மலக் கிருமி ஒண்ணு கூட இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி லிட்டருக்கு ஃப்ளோரைடு 1.5 மி.கி., நைட்ரேட் 50, ஆர்சனிக் 0.01, இதுக்குள்ள இருக்கணும். வீட்டுல கைக்குழந்தை இருக்கறதால நைட்ரேட்ட கண்டிப்பா கேளு, காய்ச்சினா அது போகாது, தண்ணி வத்தறதால இன்னும் கூடத்தான் செய்யும்.

ரிப்போர்ட் வந்தா பதில் தானா தெரிஞ்சிடும். கிருமி மட்டும்தான்னா யூவி, அதாவது புற ஊதா ஒளியால கிருமிய அழிக்கற மெஷின் போதும், தண்ணி கலங்கலா இல்லாம இருக்கணும். குளோரின் வாடைன்னா கார்பன் ஃபில்டர். உப்பு, ஃப்ளோரைடு, ஆர்சனிக் அதிகம்னா அப்ப ஆர்ஓ, அங்க அது நிஜமாவே தேவை. சும்மா இருக்கட்டுமேன்னு மாட்டினா ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் வீணா வெளிய போகும், அத நினைச்சாலே மனசு வலிக்குது. வெறும் கடினத்தன்மைன்னா அது குளியலுக்கும் வாஷிங் மெஷினுக்கும்தான் தொல்லை, சாஃப்ட்னர் பார்த்துக்கலாம். எல்லாமே சரியா இருந்தா எதுவும் வாங்காத, டேங்க மட்டும் ஒழுங்கா கழுவிட்டு வா. போர் தண்ணின்னா வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணு.

ஒண்ணு மட்டும் இப்பவே பண்ணிடு. டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி சிங்க் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட், ஒரு தண்ணி லைன், கழிவு போக ஒரு லைன் விடச் சொல்லு, நாளைக்கு தேவைப்பட்டா சுவத்த உடைக்க வேணாம். ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, அதுவரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் குடுக்காத.

அன்புடன்,
அண்ணன்