'சட்டிரிகான்': முழு அகலத்தில் திரையிடுங்கள்

இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'சட்டிரிகான்' (1969) படம் பற்றிய விமர்சனத்தில், கதை துண்டு துண்டாக நிற்பதைக் குறையாகச் சொல்லியிருந்தீர்கள். மூலநூலே அப்படித்தான். ரோமப் பேரரசன் நீரோ காலத்தில் பெட்ரோனியஸ் என்ற எழுத்தாளர் எழுதியதாகக் கருதப்படும் அந்நூலில் சில பகுதிகளே மிஞ்சின. இடைவெளிகளை ஒட்டுப்போட்டு மறைக்க ஃபெலினி விரும்பவில்லை. படத்தின் கடைசி வாக்கியம் பாதியில் அறுந்து, பாத்திரங்கள் சிதிலமான சுவரோவியங்களாக உறைவது அதனால்தான். எவ்வளவு துணிச்சலான முடிவு! உதட்டசைவோடு குரல் ஒட்டாததும் படப் பிரதியின் கோளாறு அல்ல. டப்பிங்கை வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள்.

திரையிடுவோருக்கு ஒரு வேண்டுகோள்: 2.35:1 அகலச் சட்டத்தை டிவி அளவுக்கு வெட்டாதீர்கள். வெட்டினால், பணக்காரன் திரிமால்கியோ தரும் விருந்தில் ஓரங்களிலிருந்து நம்மையே வெறிக்கும் முகங்கள் காணாமல் போகும். பன்றியின் வயிற்றைக் கிழித்துக் கொட்டும் தீனியைவிட அந்த முகங்கள்தான் அருவருப்பூட்டுகின்றன.